யூனியாவா, யூனியாளா? பைபிளில் ஒரு பெண் ஆணாக மாறிய கதை

மொபைலில் பைபிள் ஆப் இருந்தால் ஒரு நிமிஷம் திறந்து பாருங்கள். புதிய ஏற்பாடு, ரோமர், 16-ம் அதிகாரம். ஆப் இல்லையா, பிரச்னை இல்லை. கதையை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

இந்த அதிகாரத்தைப் பெரும்பாலானவர்கள் ஸ்க்ரோல் பண்ணித் தாண்டிவிடுவார்கள். காரணம் சிம்பிள், அது ஒரு பெயர்ப் பட்டியல். கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று வரிசையாகப் பெயர் வருமே, அது மாதிரி. ரோம் நகரில் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் பவுல் வாழ்த்து சொல்லிக்கொண்டே போகிறார். 7-ம் வசனத்தில் ஒரு ஜோடிப் பெயர் வரும். அன்றோனீக்கு, யூனியா.

இப்போது அதே அதிகாரத்தில் மற்ற பெண்களின் பெயர்களைப் பாருங்கள். சீர்திருத்த சபைகளில் இன்றும் அதிகம் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், யூலியாள் என்று இருக்கும். எல்லாமே 'ள்' என்று முடிகிறது. ஆண்களில் ஆக்கில்லா, ஒலிம்பா இரண்டு பேருக்கும் 'ள்' கிடையாது.

யூனியாவுக்கும் கிடையாது.

தமிழில் படிப்பவருக்கு ஏசாயா, எரேமியா வரிசையில் இன்னொரு ஆண் என்றுதான் தோன்றும். ஆனால், இன்றைய பைபிள் ஆய்வாளர்களில் பெரும்பான்மையோர் சொல்வது வேறு: யூனியா ஒரு பெண். அதுவும் சாதாரணப் பெண் இல்லை, பவுலே அப்போஸ்தலர் வரிசையில் வைத்துப் பேசுகிற பெண்.

ஒரு எழுத்துக்கு இவ்வளவு அக்கப்போரா என்று கேட்கலாம். என் பெரியம்மா 25 வருஷமாக ஒரு சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறார். உபவாசக் கூட்டம், ஆஸ்பத்திரி விசிட், காணிக்கைக் கணக்கு எல்லாம் அவர் கையில்தான். ஆனால், பிரசங்க பீடத்தில் ஏறிப் பேச மட்டும் அனுமதி இல்லை. "அப்போஸ்தலர்ல பொம்பளை யாராவது உண்டாம்மா?" என்பதுதான் அங்கே எப்போதும் சொல்லப்படும் பதில். அவரும் அதற்கு மேல் கேட்டதில்லை. அந்தப் பதில் சரியா என்பதுதான் இங்கே விஷயம்.

பவுல் என்ன சொன்னார்?

ரோமருக்கு எழுதிய கடிதம் கி.பி. 55-லிருந்து 58-க்குள் கொரிந்து நகரில் எழுதப்பட்டது என்பது பொதுவான கணிப்பு. அன்றோனீக்கு, யூனியா பற்றி ஒரே வசனத்தில் நான்கு தகவல் தருகிறார் பவுல். இருவரும் தன் இனத்தார், அதாவது யூதர்கள். தன்னைப் போலவே சிறைப்பட்டவர்கள். தனக்கு முன்பே கிறிஸ்துவை ஏற்றவர்கள். அப்போஸ்தலர்களிடையே பேர் வாங்கியவர்கள்.

மூன்றாவது தகவலை லேசில் தாண்டிவிட வேண்டாம். இயேசுவின் மரணத்துக்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே பவுல் மனம் மாறிவிடுகிறார். அவருக்கும் முன்பு என்றால், இந்த இருவரும் இயக்கத்தின் முதல் தலைமுறை. இயேசுவை நேரில் பார்த்தவர்களாகக்கூட இருந்திருக்கலாம். கணவன் மனைவியா, அண்ணன் தங்கையா என்று வசனம் சொல்லவில்லை.

'அப்போஸ்தலர்னா 12 பேர்தானே?' என்று சிலர் கேட்கலாம். பவுலே அந்த 12-ல் கிடையாது. பர்னபாவும் கிடையாது. ஆனால், அப்போஸ்தலர் நடபடிகள் 14-ம் அதிகாரம் இருவரையுமே அப்போஸ்தலர் என்கிறது. 'அனுப்பப்பட்டவர்' என்பதுதான் அந்தக் கிரேக்கச் சொல்லின் நேர் அர்த்தம்.

குழப்பம் எங்கே ஆரம்பிக்கிறது?

கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருக்கிற சொல் 'யூனியான்'. நம் காதுக்கு அது மாணிக்கவேலன், கண்ணன் மாதிரி ஆண் பெயராகக் கேட்கும். ஏமாந்துவிடாதீர்கள். அந்த 'ன்' நம்ம ஊர் இரண்டாம் வேற்றுமை 'ஐ' மாதிரி. யூனியாவை வாழ்த்துங்கள் என்பதில் வருகிற 'வை'தான் அது.

சிக்கல் என்னவென்றால், யூனியா என்ற பெண் பெயரும், யூனியாஸ் என்று ஒரு ஆண் பெயர் இருந்தால் அதுவும், இந்த வேற்றுமையில் ஒரே மாதிரி எழுதப்படும். வித்தியாசம் உச்சரிப்பு அழுத்தத்தில் மட்டும்தான். 'நி'யில் அழுத்தினால் பெண், கடைசி 'யா'வில் அழுத்தினால் ஆண். அழுத்தத்தைக் காட்ட எழுத்தின் மேல் ஒரு சின்னக் குறி போடுவார்கள். ஆனால், ஆரம்ப நூற்றாண்டுப் பிரதிகளில் அந்தக் குறியே கிடையாது. எல்லாம் பெரிய எழுத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளிகூட விடாமல் எழுதிக்கொண்டே போவார்கள். நம் ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல் எழுதினதைப் படிக்கிறவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

அப்படியென்றால் 50-50 சான்ஸா? இல்லை.

ரோம் நகரத்தில் கிடைத்த பழைய கல்வெட்டுகளில் மட்டும் யூனியா என்ற பெண் பெயர் 250 முறைக்கு மேல் வருகிறது. யூனியாஸ் என்ற ஆண் பெயர்? பூஜ்யம். கல்வெட்டிலும் இல்லை, கடிதத்திலும் இல்லை, இலக்கியத்திலும் இல்லை. யூனியானுஸ் என்ற ஆண் பெயரைச் சுருக்கி யூனியாஸ் என்று செல்லமாகக் கூப்பிட்டிருக்கலாம் என்பது ஒரு வாதம். அப்படிச் சுருக்கியதற்கு ஒரு உதாரணம்கூட இதுவரை காட்டப்படவில்லை.

அடுத்த சாட்சி கொஞ்சம் சுவாரஸ்யமானவர். யோவான் கிறிசோஸ்தோம். 4-ம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பிரசங்கியாக இருந்து, பிறகு கான்ஸ்டான்டிநோபிளுக்கு ஆயர் ஆனவர். கிரேக்கம் அவருக்குத் தாய்மொழி. பெண்கள் சபையில் போதிப்பதை ஆதரித்தவர் இல்லை, எதிர்த்தவர். அப்படிப்பட்டவர் இந்த வசனத்துக்கு விளக்கம் சொல்லும்போது, அப்போஸ்தலர் என்று அழைக்கப்படும் அளவுக்கு இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு ஞானம் இருந்திருக்க வேண்டும் என்று வியக்கிறார். தன் கொள்கைக்குத் தோதாக இல்லாத இடத்திலும், கண்ணில் பட்டதைப் பட்டபடி சொல்லிவிட்டுப் போகிறார். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் அன்றோனீக்குவையும் யூனியாவையும் மே 17-ல் நினைவுகூர்கின்றன. அங்கே அவர் எப்போதும் பெண்தான்.

அப்போ எப்போது ஆணாக மாறினார்?

மேற்கு ஐரோப்பாவில். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் ரோம் நகர் ஜைல்ஸ் என்ற இறையியலாளர் இந்த இருவரையும் ஆண்கள் என்று எழுதினார். 1522-ல் மார்ட்டின் லூதர் ஜெர்மனில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தபோது அவரும் ஆண் பெயராகவே எடுத்துக்கொண்டார். லூதர் எடுத்தால் அது லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகும், இல்லையா?

ஆங்கிலத்தில் கதை வேறு. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அவர் யூனியாதான். 1881-ல் அதைத் திருத்தி வெளியிட்டபோது யூனியாஸ் ஆனார். 20-ம் நூற்றாண்டின் நடுவில் வந்த ஆர்.எஸ்.வி. இன்னும் ஒரு படி மேலே போய், மூலத்தில் இல்லாத 'ஆண்கள்' என்ற சொல்லையே சேர்த்து, இருவரும் பேர்பெற்ற ஆண்கள் என்று எழுதிவிட்டது.

இந்த இடத்தில் தமிழைக் கொஞ்சம் பாராட்டலாம். 'பெற்றவர்கள்' என்று நாம் சொன்னால் ஆணா பெண்ணா என்று தெரியாது. 'அவர்கள்' எல்லோருக்கும் பொது. ஆர்.எஸ்.வி. செய்ததை நம் மொழிபெயர்ப்பு செய்யத் தேவையே வரவில்லை. 'ள்' விட்டதோடு சரி.

மொழிபெயர்ப்பாளர்கள் மட்டும் காரணம் இல்லை. அவர்கள் கையில் இருந்த கிரேக்க நூலே மாறியது. உலகம் முழுக்க இறையியல் மாணவர்கள் பயன்படுத்துகிற கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்புக்கு நெஸ்லே-ஆலண்ட் என்று பெயர் (சாக்லேட் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஜெர்மன் அறிஞர் எபர்ஹார்ட் நெஸ்லே 1898-ல் ஆரம்பித்தது). ஆரம்பப் பதிப்புகளில் பெண் பெயருக்கான அழுத்தக் குறிதான் இருந்தது. 1927-ல், அவர் மகன் எர்வின் நெஸ்லே கொண்டுவந்த 13-ம் பதிப்பில், குறி ஆண் பெயருக்கு இடம் மாறியது. புதிதாகச் சுவடி எதுவும் கிடைக்கவில்லை. கல்வெட்டு எதுவும் தோண்டி எடுக்கப்படவில்லை. அப்போஸ்தலர் ஒருவர் பெண்ணாக இருக்க முடியாது, ஆகவே அது ஆண் பெயராகத்தான் இருக்க வேண்டும். இந்த எண்ணம்தான் அந்தக் காலத்து விளக்கவுரைகளில் ஓடிக்கொண்டிருந்தது.

1977-ல் பெர்னடெட் ப்ரூட்டன் என்ற இளம் ஆய்வாளர் இதைக் கேள்வி கேட்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதன் பிறகு ஒவ்வொருவராகச் சுவடிகளைப் புரட்ட ஆரம்பித்தார்கள். பிற்காலத்தில் அழுத்தக் குறி போட்டு எழுதப்பட்ட கையெழுத்துப் பிரதிகளிலும் பெண் பெயருக்கான குறிதான் இருந்தது. 1998-ல் நெஸ்லே-ஆலண்ட் பதிப்பு மறுபடி யூனியாவுக்குத் திரும்பியது. இடையில் போனது 71 வருஷம். அந்த 71 வருஷத்தில் இறையியல் கல்லூரியில் படித்து வெளியே வந்த போதகர்கள் எத்தனை பேர், அவர்கள் செய்த பிரசங்கங்கள் எத்தனை என்று யோசித்தால் கொஞ்சம் தலை சுற்றுகிறது. 2005-ல் எல்டன் எப் என்ற மூத்த அறிஞர் இந்தக் கதைக்காகவே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். என்.ஐ.வி. ஆங்கில பைபிள் 1978-ல் யூனியாஸ் என்று போட்டது. 2011 பதிப்பில் யூனியா.

கேஸ் முடிஞ்சுதா? இன்னும் இல்லை

பெண் என்று ஒப்புக்கொண்டதும் வாதம் அடுத்த சொல்லுக்குத் தாவியது. அப்போஸ்தலர்கள் 'நடுவில்' பேர்பெற்றவரா, அல்லது அப்போஸ்தலர்களுக்கு 'நன்கு தெரிந்தவரா'? முதலாவது என்றால் அவரும் ஒரு அப்போஸ்தலர். இரண்டாவது என்றால் அப்போஸ்தலர்கள் மதித்த ஒரு விசுவாசி, அவ்ளோதான். 2001-ல் மைக்கேல் பியூரர், டேனியல் வாலஸ் என்ற இரு அறிஞர்கள் பழைய கிரேக்க நூல்களிலிருந்து உதாரணங்களை எடுத்துவைத்து இரண்டாவது அர்த்தத்துக்கு வாதாடினார்கள். அதே ஆண்டு வெளியான இ.எஸ்.வி. பைபிளும் அந்த வழியில் போனது. ரிச்சர்ட் பாக்கம், லிண்டா பெல்வில், எப் ஆகியோர் அந்த உதாரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பதில் எழுதினார்கள். கிரேக்கம் தாய்மொழியான கிறிசோஸ்தோம் எப்படிப் படித்தார் என்பது இவர்கள் பக்கத்துக்குப் பலம்.

2008-ல் ஆல் வோல்ட்டர்ஸ் இன்னொரு கோணத்தைக் கொண்டுவந்தார். இது லத்தீன் பெயரே இல்லை, 'யெஹுன்னி' என்ற எபிரேய ஆண் பெயரின் கிரேக்க வடிவமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. பெரிய ஆதரவு கிடைக்கவில்லை. ஆனால், இலக்கணப்படி சாத்தியம் உண்டு என்பதால் மேசையில் இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம்? யூனியா பெண் என்று கேட்டதும் ஃபார்வர்ட் பண்ணத் துடிக்கிற கைகளும் உண்டு. அந்தப் பக்கமும் வேகம் ஆபத்துதான். யூனியாவும், லூக்கா 8-ம் அதிகாரத்தில் இயேசுவோடு பயணம் செய்த யோவன்னாளும் ஒரே ஆள் என்று பாக்கம் ஒரு கருத்து வைத்திருக்கிறார். எனக்குப் பிடித்த கருத்து அது. ஏரோதின் காரியக்காரர் வீட்டுப் பெண் ரோம் வரை போய் சிறைக்கும் போனார் என்றால் சினிமாவே எடுக்கலாம். ஆனால் அது ஊகம். அவரும் ஊகம் என்றுதான் வைக்கிறார்.

வேகத்துக்கு நல்ல உதாரணம் மகதலேனா மரியாள். லூக்கா 8-ல் அவர் ஏழு பிசாசுகளிலிருந்து விடுபட்டவர், இயேசுவைத் தன் உடைமையால் ஆதரித்த பெண்களில் ஒருவர். அதற்கு முந்தைய அதிகாரத்தில் இயேசுவின் பாதத்தைக் கண்ணீரால் நனைக்கிற பாவியான பெண்ணுக்குப் பெயரே இல்லை. 591-ல் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் இந்த இருவரையும், பெத்தானியா ஊர் மரியாளையும் சேர்த்து ஒரே பெண் ஆக்கிவிட்டார். ஓவியத்தில், நாடகத்தில், சினிமாவில் என்று 1,400 வருஷமாக மகதலேனா 'திருந்திய விபசாரி'. கிழக்குத் திருச்சபைகள் இந்தக் கலவையை ஏற்கவே இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் 1969 நாட்காட்டித் திருத்தத்தில் இவர்களைப் பிரித்துவிட்டது. 2016-ல் போப் பிரான்சிஸ் ஜூலை 22 நினைவு நாளை, அப்போஸ்தலர்களுக்கு உள்ள அதே அந்தஸ்தில், திருவிழாவாக உயர்த்தினார். உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், இன்றும் பலர் பழைய கதையைத்தான் சொல்வார்கள்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது 'டாவின்சி கோட்'. பாவியாக இருந்தவரை மனைவி ஆக்கியது. 2006-ல் படம் வந்தபோது தமிழ்நாடு அரசு தடை போட்டதும், சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்ததும் சிலருக்கு நினைவிருக்கும். அந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட பிலிப் நற்செய்தி, எகிப்தில் நாக் ஹம்மாதியில் 1945-ல் கிடைத்த சுவடிகளில் ஒன்று. இயேசு மகதலேனாவை முத்தமிட்டார் என்று வரும் வரியில், எங்கே என்று சொல்ல வேண்டிய இடத்தில் பாப்பிரஸ் கிழிந்து ஓட்டை விழுந்திருக்கிறது. ஓட்டையை அவரவர் விருப்பத்துக்கு நிரப்பிக்கொண்டார்கள்.

2012-ல் ஹார்வர்டு பேராசிரியர் கேரன் கிங், இயேசு 'என் மனைவி' என்று சொல்வதுபோல் வாசகம் உள்ள ஒரு சின்ன பாப்பிரஸ் துண்டை ரோமில் அறிமுகப்படுத்தினார். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. 2016-ல் பத்திரிகையாளர் ஏரியல் சாபர் அந்தத் துண்டு யாரிடமிருந்து, எப்படி வந்தது என்று தேடிப் போய் எழுதினார். கட்டுரை வெளியானதும், போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கிங்கே ஒப்புக்கொண்டார். முதல் செய்தியை ஷேர் செய்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் பார்த்தார்கள்? (எங்கள் துறைக்கும் இதில் பங்கு உண்டு.)

சரி, பீடம் விஷயம்?

யூனியாவை வைத்து மட்டும் அந்தச் சண்டை முடியாது. பெண்கள் சபையில் அமைதியாக இருக்கச் சொல்கிற வரிகள் 1 கொரிந்தியர் 14-லும் 1 தீமோத்தேயு 2-லும் இருக்கின்றன. அதே 1 கொரிந்தியர் 11-ல், பெண்கள் சபையில் ஜெபம் செய்வதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் சகஜமாக எடுத்துக்கொண்டு பேசுகிறார். 14-ம் அதிகார வரிகள் சில பழைய பிரதிகளில் இடம் மாறி அதிகாரத்தின் கடைசியில் வருவதால், அவை பின்னால் யாரோ சேர்த்தவை என்று கோர்டன் ஃபீ போன்ற அறிஞர்கள் சொல்கிறார்கள். அதை மறுப்பவர்களும் நிறைய.

ரோமர் 16-ல் யூனியாவுக்கு முன்பே வருகிற பெபேயாளையும் மறந்துவிடக் கூடாது. கொரிந்துக்குப் பக்கத்துத் துறைமுகமான கெங்கிரேயா சபையைச் சேர்ந்தவர். இந்தக் கடிதத்தை ரோமுக்கு எடுத்துப்போனதே அவர்தான் என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. பவுல் அவருக்குப் பயன்படுத்துகிற கிரேக்கச் சொல் 'டியாகோனோஸ்'. அதே சொல் பிலிப்பியர் கடிதத்தில் சபைப் பொறுப்பாளர்களுக்கு வரும்போது, பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'உதவிக்காரர்' என்கிறது. பெபேயாளுக்கு 'ஊழியக்காரி'. 1 கொரிந்தியர் 3-ல் பவுலும் அப்பொல்லோவும் தங்களைச் சொல்லிக்கொள்கிற இடத்திலும் அதே சொல்தான், அங்கே 'ஊழியக்காரர்'. கவனித்தால், பவுலுக்குக் கொடுத்த சொல்லையே பெபேயாளுக்கும் கொடுத்திருக்கிறது தமிழ். நம் காதுதான் 'ஊழியக்காரர்' என்றால் மேடையையும், 'ஊழியக்காரி' என்றால் சமையல்கட்டையும் கற்பனை செய்துகொள்கிறது.

இந்த அதிகாரத்தில் பவுல் குறிப்பிடுகிற பெண்கள் பெபேயாளோடு சேர்த்து 10 பேர். பெயர் சொல்லாமல் வருகிற ரூப்பின் தாயும் நேரேயின் சகோதரியும் இந்தக் கணக்கில் அடக்கம். உழைத்தார், பாடுபட்டார் என்று பெயர் சொல்லிப் பாராட்டப்படுபவர்களில் மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் நான்கு பேரும் பெண்கள்தான்.

திருச்சபைகள் ஆளுக்கொரு முடிவில் நிற்கின்றன. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் ஆயர்கள் ஆகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2013-ல் ஆந்திராவின் நந்தியால் பேராயத்துக்கு புஷ்பலலிதா பேராயராகவே பொறுப்பேற்றார். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண் திருத்தொண்டர்கள் பற்றி ஆராய போப் பிரான்சிஸ் 2016-லும் 2020-லும் குழுக்கள் அமைத்தார். பெண் குருக்கள் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பல சுயாதீன சபைகளில் கேள்வியே இன்னும் எழவில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் பெரியம்மாவுக்கு போன் பண்ணி, ரோமர் 16-ஐ எடுங்கன்னு சொன்னேன். ஏழாம் வசனம் வரை வாசித்துவிட்டு, "இவரு ஆம்பளைதானே?" என்றார். கிறிசோஸ்தோம், கல்வெட்டு, 1927, 1998 எல்லாம் சொன்னேன். வோல்ட்டர்ஸ் சொன்ன எபிரேயப் பெயரையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பக்கம் திருப்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

"யூலியாளுக்கு மட்டும் ள் போட்டிருக்காங்களே" என்றார். பிறகு, "வர்ற வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்துல இந்த அதிகாரத்தை எடுக்கலாம்னு நினைக்கிறேன். நீ சொன்ன வருஷத்தையெல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பு" என்றார். அனுப்பிவிட்டேன்.